ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’: இரட்சிப்புக்கு எது தேவை? – ஒரு திறனாய்வு

அறிமுகம்

கிறித்தவ சமயம் தோன்றிய நாள்முதல் அதனிடம் கேட்கப்பட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. இரட்சிக்கப்பட மனிதன் என்ன செய்ய வேண்டும்? அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன் பவுலிடம் இதைக் கேட்கிறான். இயேசுவை விசுவாசிக்க வேண்டும் என்பதே அவனுக்குக் கிடைத்த விடை. விடை சுருக்கமானது. ஆனால் ‘விசுவாசம்’ என்பதன் பொருள் என்ன, அது மட்டும் போதுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இந்த விவாதத்தைக் கதையாக்கிய நூல்களுள் மிகுதியாகப் படிக்கப்பட்டது ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’. தமிழ்க் கிறித்தவர்கள் இதை ‘மோட்சப் பிரயாணம்’ என்று அறிவர். முதற்பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் வெளிவந்தன. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இந்நூலைத் தழுவி எழுந்த காப்பியம் என்பதால் தமிழ் இலக்கிய மாணவர்களுக்கும் இது அயலான நூல் அன்று. இரட்சிப்பின் நிபந்தனை குறித்து முதற்பாகம் என்ன சொல்கிறது, சொல்வதில் அது முரண்படாமல் இருக்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாத்திரப் பெயர்கள் பொருள் தோன்றத் தமிழில் தரப்படுகின்றன.

விவாதத்தின் பின்னணி

புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு குரல்கள் கேட்கின்றன. மனிதன் நீதிமானாக எண்ணப்படுவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்று பவுல் ரோமர் 3:28இல் வாதிடுகிறார். விசுவாசம் மட்டும் போதாது, கிரியையும் வேண்டும் என்று யாக்கோபு நிருபம் 2:24 வாதிடுகிறது. இருவரும் சான்றாகக் காட்டுவது ஒரே ஆபிரகாமைத்தான்.

மார்ட்டின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார். அதே ஆண்டு எழுதிய முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். 1547இல் திரெந்து பொதுச்சங்கம், ‘விசுவாசத்தால் மட்டும்’ என்ற கொள்கையை லூதரின் பொருளில் ஏற்க மறுத்தது. ஆனால் கடவுளின் அருளின்றித் தன் சொந்தச் செயல்களாலேயே மனிதன் நீதிமானாகலாம் என்போரையும் அதே சங்கம் கண்டித்தது. ஆகவே ‘புராட்டஸ்டண்டுகள் விசுவாசத்தையும் கத்தோலிக்கர் நற்செயல்களையும் நம்புகிறார்கள்’ என்று பாடக்குறிப்புகளில் எழுதுவது பிழையாகும். அருள் முதன்மையானது என்பதில் இரு தரப்பும் ஒன்று. அருளைப் பெறும் மனிதனிடம் என்ன நிகழ்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

தமிழில் இந்த விவாதத்தைப் படிப்போர் ஒரு சொல்லில் தடுமாற வாய்ப்புண்டு. சைவ மரபில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நால்வகை நெறிகளுள் கிரியை என்பது வழிபாட்டுச் சடங்கைச் சுட்டும். தமிழ் வேதாகமத்தில் அச்சொல் மனிதனின் செயல் என்ற விரிந்த பொருளில் வருகிறது. பசித்தவனுக்குச் சோறிடுவதும் கிரியை; விருத்தசேதனமும் கிரியை. பவுல் எந்தக் கிரியையை மறுத்தார், யாக்கோபு எந்தக் கிரியையை வலியுறுத்தினார் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் இருவரும் நேருக்கு நேர் மோதுவதாகவே தோன்றும்.

பனியன் லூதரின் வழியில் வந்தவர். பெட்ஃபர்டுக்கு அருகில் எல்ஸ்டோ என்ற சிற்றூரில் 1628இல் பிறந்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்ப்பது அவரது தொழில். லூதரின் கலாத்தியர் விளக்கவுரையே வேதாகமத்துக்கு அடுத்தபடியாகத் தமக்கு உதவிய நூல் என்று தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார்.

சுமை விழும் இடம்

கதையின் நாயகன் கிறிஸ்தியான். முதுகில் பெருஞ்சுமை, கையில் ஒரு புத்தகம். தன் ஊர் அழியப்போகிறது என்று அறிந்து வழி தேடுகிறான். சுவிசேஷகன் ஒரு சிறு வாசலைச் சுட்டிக்காட்டுகிறான். நடுவில் எதிர்ப்படும் உலகஞானி, பக்கத்துக் கிராமத்தில் உள்ள சட்டவாதியிடம் போனால் சுமை எளிதில் இறங்கும் என்கிறான். அந்த ஊரின் பெயர் ஒழுக்கம். கிறிஸ்தியான் அங்கே திரும்புகிறான். வழியில் உள்ள மலை தன்மேல் சரிந்துவிடும் போல் தொங்குகிறது. சுமை முன்னைவிடக் கனக்கிறது.

ஒழுக்கத்தால் மன அமைதி கிட்டும் என்று நம்பி, ஒழுக்கத்தை முயன்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியின் உண்மை விளங்கும். எவ்வளவு முயல்கிறோமோ அவ்வளவு குறைகள் கண்ணில் படும். இதை விளக்கப் பனியனுக்குக் கோட்பாடு தேவைப்படவில்லை. ஒரு மலை போதுமானதாயிற்று.

பின்னர்ச் சிலுவையின் முன் கிறிஸ்தியான் நிற்கும்போது சுமை தானே அவிழ்ந்து, உருண்டு, கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் எதுவும் செய்யவில்லை. ஒளிமிக்க மூவர் வந்து மன்னிப்பை அறிவித்து, கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்தி, நெற்றியில் அடையாளமிட்டு, முத்திரையிட்ட சுருள் ஒன்றைத் தருகின்றனர். இரட்சிப்பு கூலியன்று, கொடை என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதைக்காட்சி அரிது.

19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன், பனியனைப் பெரிதும் போற்றியவர் என்றாலும், இங்கே ஒரு குறை கண்டார். சுவிசேஷகன் வாசலைக் காட்டாமல் நேரே சிலுவையைக் காட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கோட்பாட்டின்படி ஸ்பர்ஜன் சொல்வது சரி. அனுபவத்தின்படி பனியன் செய்தது சரி. மன்னிக்கப்பட்டோம் என்ற உறுதி அவருக்கே பல ஆண்டு மனப்போராட்டத்துக்குப் பின்னர்தான் கிடைத்தது.

வாய்ப்பேச்சும் வாழ்க்கையும்

சுமை விழுந்த பின்னும் கதையின் பெரும்பகுதி மீதமிருக்கிறது. விசுவாசத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றால் இவ்வளவு நீண்ட பயணம் ஏன்? சமயக் கருத்துகளை அழகாகப் பேசும் வாயாடி என்ற பாத்திரம் இக்கேள்விக்கு விடை தருகிறது. வெளியே சமயம் பேசும் அவனைப் பற்றி வீட்டார் சொல்லும் செய்தி வேறு. அவனைக் குறித்துப் பேசும்போது, இறுதித் தீர்ப்பு நாளில் விசுவாசித்தாயா என்று கேட்கமாட்டார்கள், செய்தாயா அல்லது பேச மட்டும் செய்தாயா என்றே கேட்பார்கள் என்று கிறிஸ்தியான் எச்சரிக்கிறான். இது யாக்கோபின் குரல். வைக்கோல் என்று லூதர் ஒதுக்கியதை லூதரின் மாணவர் மீண்டும் எடுத்துக்கொள்கிறார்.

இதை முரண் என்று சொல்வதைவிட வரிசைமுறை என்று சொல்வதே பொருந்தும். சுமை முதலில் விழுகிறது. நடை பின்னர் வருகிறது. நடப்பதால் சுமை விழவில்லை. விழுந்ததால் நடக்க முடிகிறது. இந்த அளவில் நூல் தெளிவாக இருக்கிறது.

அறியாமை என்ற பயணி

நூலின் உண்மையான சிக்கல் அறியாமை என்ற இளைஞனிடம் தொடங்குகிறது. அவன் கெட்டவன் அல்லன். கடனைத் திருப்பித் தருகிறான், செபிக்கிறான், நோன்பிருக்கிறான், தசமபாகமும் தருமமும் கொடுக்கிறான், சொந்த நாட்டை விட்டுப் புறப்பட்டும் வந்திருக்கிறான். கிறிஸ்து பாவிகளுக்காக மரித்தார் என்றும் விசுவாசிக்கிறான். ஆனால் தன் கீழ்ப்படிதலைக் கிறிஸ்து அருளோடு ஏற்றுக்கொள்வதால் தான் நீதிமானாவேன் என்று எண்ணுகிறான். கிறிஸ்துவின் நீதியே நம்முடையதாக எண்ணப்படுகிறது என்ற கொள்கையைக் கிறிஸ்தியான் எடுத்துரைக்கும்போது, அப்படியானால் மனிதர்கள் மனம்போனபடி வாழத் தொடங்கமாட்டார்களா என்று திருப்பிக் கேட்கிறான்.

கேள்வி நியாயமானது. ரோமர் 6ஆம் அதிகாரத்தில் பவுலே இதை எழுப்பி விடை சொல்கிறார். பனியனின் நாயகனோ பொறுமையாக விளக்குவதைவிட, கேட்டவனின் பெயரைச் சொல்லிக் குத்திக்காட்டுவதில் விரைவு காட்டுகிறான். நூலின் கடைசியில் அறியாமை பரலோக வாசலை அடைகிறான். சுருளைக் கேட்கிறார்கள், அவனிடம் இல்லை. கைகால்கள் கட்டப்பட்டு நரகத்தின் வழியே தள்ளப்படுகிறான். கனவு கலைகிறது, நூல் முடிகிறது.

இங்கே வாசகர் நிறுத்தி யோசிக்க வேண்டும். விசுவாசத்தால் மட்டும் இரட்சிப்பு என்றால், நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய சரியான கொள்கையை அறிந்திருப்பதும் விசுவாசத்தின் பகுதியா? ஆம் என்றால், அந்த அறிவே ஒரு புதிய கிரியையாகிவிடுகிறது. கை உழைப்பை விலக்கிவிட்டு மூளை உழைப்பை நிபந்தனையாக்கியதாகிறது. லூக்கா 23இல் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எந்தக் கொள்கை விளக்கமும் தெரியாது. தன்னை நினைத்தருளும்படி வேண்டினான், அவ்வளவே. மத்தேயு 25இல் வலப்புறம் நிற்பவர்களுக்குத் தாங்கள் யாருக்குச் சோறிட்டோம் என்பதே தெரியாது. அவர்கள் எல்லாரும் ஒருவகையில் ‘அறியாமை’கள்தாம்.

பனியன் சார்பில் ஒரு விடை சொல்லலாம். அறியாமையின் குற்றம் கொள்கை தெரியாதது அன்று. அவன் முதுகில் ஒருபோதும் சுமை இருந்ததில்லை என்பதே. அவன் எதையும் கேட்கவில்லை. தன் இதயம் நல்லது என்று தன் இதயமே சொல்வதை நம்புகிறான். சிறு வாசல் வழியாக வராமல் குறுக்குச் சந்து வழியாக வந்தான். மன்னிப்புத் தேவை என்று உணராதவனுக்கு மன்னிப்பை எப்படிக் கொடுப்பது? இந்த விடையில் வலு இருக்கிறது. கோயிலில் செபித்த பரிசேயனும் ஆயக்காரனும் பற்றிய உவமையும் இதையே காட்டுகிறது.

ஆனாலும் முடிவு உறுத்துகிறது. கிறிஸ்தியான் தன் சுருளை ஒருமுறை தொலைத்தான். திரும்பிச் சென்று எடுக்க அவனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. சந்தேகக் கோட்டையில் அடைபட்டான்; திறவுகோல் தன்னிடமே இருப்பது நினைவுக்கு வந்தது. மரண ஆற்றில் மூழ்கவிருந்தான். நம்பிக்கை என்ற தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்தான். அறியாமைக்கோ தோழன் இல்லை. அவனோடு நடந்த இருவரும் அவனைப் பின்னே விட்டுச் சென்றார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் பிரசங்கித்ததற்காகப் 12 ஆண்டுகள் சிறையிலிருந்தவர், பரலோக வாசலில் சீட்டுக் கேட்கும் காட்சியோடு நூலை முடித்தது வியப்பளிக்கிறது. பனியனின் சுருள் எந்தச் சபையும் வழங்கியதன்று, சிலுவையடியில் கிடைத்தது என்பது உண்மையே. எனினும் ஆற்றங்கரையில் விசுவாசம் என்பது பற்றிக்கொள்ளலாக இருக்கிறது. வாசலில் அதுவே தேர்வாக மாறிவிடுகிறது. கதைசொல்லியான பனியனும் போதகரான பனியனும் இங்கே ஒத்துப்போகவில்லை.

கிருஷ்ணபிள்ளை செய்த மாற்றம்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவரது இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் கொண்டது. பனியனின் கதையில் இயேசுவின் வாழ்க்கை விரிவாகச் சொல்லப்படவில்லை. சிலுவை ஓர் இடமாக வருகிறது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். பக்திப் பாடல்களையும் இடையே அமைத்தார்.

இது அழகுக்காகச் செய்த சேர்க்கை மட்டுமன்று. விசுவாசத்தின் பொருளே இதனால் நகர்கிறது. சரியான கொள்கையை ஏற்பது என்பதிலிருந்து, துன்புற்ற ஒருவரைக் கண்டு உருகிச் சரணடைவது என்பதை நோக்கி அது செல்கிறது. வைணவத்திலும் இதற்கு இணையான விவாதம் உண்டு. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கின் நெறியை வடகலையாரும், தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையின் நெறியைத் தென்கலையாரும் எடுத்துக்காட்டினர். அருளுக்கு மனிதனின் பங்கு எவ்வளவு என்பதே அங்கும் கேள்வி. இந்தக் கேள்வி நிலவிய சூழலில் வளர்ந்த ஒருவருக்குச் சிலுவைக் காட்சி, கொள்கையாக அன்றி அன்பாக முதலில் புலப்பட்டிருப்பது இயல்பே.

முடிவுரை

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டு அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அன்றி, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதும், அந்த அருளே நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறது என்பதும் அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டு சபைகளும் இதில் இணைந்தன. எல்லா வேறுபாடுகளும் இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒருவரையொருவர் வாசலுக்கு வெளியே நிறுத்திய நான்கு நூற்றாண்டுப் பழக்கம் தளர்ந்தது.

பனியனின் நூல் இன்றும் படிக்கத்தக்கது. சுமை தானே விழும் காட்சி, இரட்சிப்புக்குத் தேவையானது சாதனை அன்று, தேவையை உணர்ந்து கைநீட்டுவதே என்று கற்பிக்கிறது. வாயாடியின் காட்சி, நீட்டிய கை பிறருக்கும் நீள வேண்டும் என்று கற்பிக்கிறது. அறியாமையின் முடிவை மட்டும் நாம் கேள்வியோடு படிக்க வேண்டும். விசுவாசம் என்பது கிறிஸ்துவை நம்புவது. நம் நம்பிக்கை பிழையற்றது என்று நம்புவது அன்று. தன் விளக்கமே சரி என்பதில் ஒருவன் முழு உறுதியோடு இருந்தால், அவனும் தன் இதயம் சொல்வதையே நம்புகிறான். அறியாமை என்ற அந்த இளைஞனின் குற்றமும் அதுவாகத்தான் இருந்தது.