படிப்பு ஏறாத பிள்ளைக்குப் புதுப்பெயர்

ஆசிரியர் பயிற்சி முகாம்களில் தவறாமல் காட்டப்படும் கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. மேசைக்குப் பின்னால் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். எதிரே குரங்கு, யானை, பறவை, கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மீன். பின்னால் ஒரு மரம். எல்லாருக்கும் ஒரே தேர்வு, மரத்தில் ஏற வேண்டும். படத்தின் கீழ் ஐன்ஸ்டைன் பெயரில் ஒரு வாசகம் இருக்கும். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. அரங்கம் சிரிக்கும், தலையாட்டும். அடுத்த ஸ்லைடில், அறிவு ஒன்றல்ல, பல என்று சொல்லும் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டின் உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் வருவார். மதியத்துக்குள் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் மாணவரின் நுண்ணறிவைக் கண்டுபிடிக்கும் படிவம் ஒன்று இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு இப்போது புதுவிதமான ஆதரவாளர்கள் வந்திருக்கிறார்கள். பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டுக்கு ஆய்வுச் சான்று போதாது என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அறிவியல் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், நூற்றுக்கு முப்பது வாங்கிக் கூனிக் குறுகி நிற்கிற பிள்ளையிடம் ‘உனக்கும் ஒரு அறிவு இருக்கிறது’ என்று சொன்னால் அதன் முகம் மலர்கிறதே, அதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறார்கள். நட்டம் உண்டு. அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதைத்தான் அவர்கள் பார்க்க மறுக்கிறார்கள்.

கார்ட்னருக்குத் தர வேண்டியதை முதலில் தந்துவிடலாம். ஐ.கியூ. என்ற ஒற்றை எண் ஒரு மனிதரை முழுக்கச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையை 1983இல் வந்த அவருடைய நூல் அசைத்தது. பாஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மூளைக் காயம்பட்டவர்களோடு பணியாற்றியவர் அவர். பேச்சை இழந்தவருக்குப் பாட்டு மிஞ்சியிருப்பதையும், கணக்குப் போடத் தெரிந்தவருக்கு வழி தெரியாமல் போவதையும் கண்ட ஒருவர் அப்படி யோசித்ததில் வியப்பில்லை. மதிப்பெண் ஒன்றையே கண்ணாகக் கொண்ட நம் ஊரில் அந்தக் குரலுக்குத் தேவையும் இருந்தது. 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலைத் தமிழ்நாடு நிறுத்தியதும், 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடப்பதும் நல்ல காரியங்கள். பறையடிக்கிற பெண்ணுக்கு மேடை கிடைப்பதற்கு எந்தக் கோட்பாடும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். (மனப்பாடத் தேர்வுக்கு எதிரான இந்தக் கோட்பாட்டை நம் பி.எட். மாணவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வின் ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கலாம்.)

அறிவியல் பக்கமும் நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஒரு வகைத் தேர்வில் நன்றாகச் செய்கிறவர்கள் மற்ற வகைகளிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறார்கள் என்பதை 1904இலேயே ஸ்பியர்மன் காட்டினார். 1993இல் ஜான் கரோல் நானூற்றுக்கும் மேற்பட்ட தரவுத் தொகுப்புகளை மறுபடி அலசிப் பார்த்தபோதும் திறன்கள் பல என்பதோடு, அவற்றுக்கு மேலே பொதுவான ஒன்று இருப்பதும் தெரிந்தது. கார்ட்னர் சொல்வதுபோல ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனித்தனியாக இயங்குவதற்கு வலுவான சான்று இல்லை என்று 2006இல் லின் வாட்டர்ஹவுஸ் எழுதினார். இது உளவியலாளர்களின் வழக்கு, அவர்களே நடத்தட்டும். நான் கேட்பது வகுப்பறை பற்றி.

வகுப்பறையில் இந்தக் ‘கண்டுபிடிப்பு’ எப்படி நடக்கிறது? பிள்ளைகளுக்கு ஒரு தாள் தரப்படுகிறது. எனக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும். எனக்கு நண்பர்களோடு சேர்ந்திருக்கப் பிடிக்கும். எனக்குச் செடி கொடிகள் பிடிக்கும். எனக்குப் புதிர்க் கணக்குப் பிடிக்கும். டிக் அடித்துக் கூட்டினால் எட்டுக் கட்டம் போட்ட ஒரு வரைபடம் வரும். அதில் உயரமாக நிற்கிற கம்பம்தான் அந்தப் பிள்ளையின் நுண்ணறிவாம். பத்து வயதில் பாட்டும் கூட்டாளிகளும் பிடிக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? பிடிப்பது ஒன்று, முடிவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே பழகக் கிடைத்த வாய்ப்பு என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. மாலையில் கீபோர்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை இசைக் கட்டத்தில் தாராளமாக டிக் அடிக்கும். சதுரங்கப் பலகையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை தர்க்கக் கட்டத்தைத் தாண்டிப் போகும். தாளில் விழுவது பெரும்பாலும் வீட்டின் நிழல். அதைத்தான் பிள்ளையின் மூளை என்று படிக்கிறோம்.

இதைவிட மோசமான பங்காளி ஒன்றும் ஊரில் உலவுகிறது. விரல் ரேகையை ஸ்கேன் செய்து எட்டு நுண்ணறிவையும் விழுக்காட்டோடு அச்சடித்துத் தரும் டி.எம்.ஐ.டி. சோதனை. அதை கார்ட்னரே ஏற்கவில்லை. அறிவியல் அடிப்படை இல்லாதது என்று இந்திய மனநல மருத்துவச் சங்கமும் சொல்லியிருக்கிறது. ஆதரவாளர்கள் இதை எங்களோடு சேர்க்காதீர்கள் என்கிறார்கள். சேர்க்கவில்லை. ஆனால் அந்தக் கடை இவ்வளவு எளிதாக வேர்விட்டதற்குக் காரணம் இருக்கிறது. நுண்ணறிவு பிள்ளைக்குள் ஏற்கெனவே எங்கோ உட்கார்ந்திருக்கிறது, அதைத் தேடி எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று பெற்றோரைப் பழக்கியது பள்ளி. தேடுவதற்கு வினாத்தாளைவிட ஸ்கேனர் வேகமானது, அவ்வளவுதான்.

மூலத்தில் இது இப்படி இருக்கவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 1984இல் கார்ட்னரும் டேவிட் ஃபெல்ட்மனும் தொடங்கிய ‘ஸ்பெக்ட்ரம்’ திட்டத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் முன் படிவம் வைக்கப்படவில்லை. அரைக்கும் கருவி ஒன்றைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். பேருந்து விளையாட்டில் ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று கணக்கு வைக்கச் சொன்னார்கள். எது மிதக்கும், எது மூழ்கும் என்று தண்ணீர்த் தொட்டியில் பார்க்க விட்டார்கள். மாதக்கணக்கில் கூட இருந்து கவனித்தார்கள். பிறகு சாமர்வில் நகரத்துப் பொதுப்பள்ளிகளில், பின்தங்கிவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகளின் பலத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக எழுத்துக்கும் எண்ணுக்கும் அவர்களைக் கூட்டிப்போக முயன்றார்கள். அந்த இரண்டாம் பாதிதான் கப்பல் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டது. நமக்கு வந்து சேர்ந்தது பெயர் சூட்டும் முதல் பாதி மட்டும்.

பெயர் சூட்டியபின் என்ன நடக்கிறது என்பதில்தான் என் சண்டை.

‘அவனுக்குப் படிப்பு ஏறாது சார், ஆனா கைவேலை நல்லா வரும்’ என்ற வாக்கியத்தைக் கேட்காத ஆசிரியர் அறை தமிழ்நாட்டில் கிடையாது. கார்ட்னரைக் கேள்விப்படாத காலத்திலும் அது இருந்தது. அப்போது அதில் கொஞ்சம் வெட்கமாவது ஒட்டியிருந்தது. சொல்கிறவருக்கு, தான் கைவிட்டுவிட்டோம் என்பது உள்ளுக்குள் தெரியும். இன்று அதே வாக்கியம் ‘இவன் உடல் இயக்க நுண்ணறிவு உடையவன்’ என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. பதிவேட்டில் ஏறுகிறது. பெற்றோர் கூட்டத்தில் பாராட்டாகச் சொல்லப்படுகிறது. பையனின் அப்பாவும் மகிழ்ந்துபோய்க் கும்பிடுகிறார். பையன் ஐந்தாம் வகுப்பு, ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க வராது. அந்தப் பேச்சை அதற்குப்பின் யாரும் எடுப்பதில்லை.

மீன் படத்தின் கோளாறு இதுதான். மீனுக்கு மரம் ஏற முடியாது. எந்த ஆசிரியரும் கற்றுத்தரவும் முடியாது. ஆகவே யார்மீதும் குற்றமில்லை. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளை மீன் இல்லையே! பேச்சு தானாக வரும், எழுத்து யாருக்கும் தானாக வராது. எழுத்து மனிதரிடம் வந்து சுமார் ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது. அதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் யார் மூளையிலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கற்றுத்தந்தால்தான் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க, ஒலி மட்டும் நடுவிலிருந்து ஏன் தொடங்குகிறது என்பது ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் பிடிபடும், இன்னொன்றுக்கு ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தைக் கொடுப்பதற்குத்தான் பள்ளி இருக்கிறது.

இதே பிள்ளை வாயைத் திறந்தால் பார்க்க வேண்டும். சினிமாக் கதையை இடைவேளை வரை ஒரு காட்சி விடாமல் சொல்லும், சந்தையில் அம்மாவுக்காகப் பேரம் பேசும். கார்ட்னரின் கணக்கிலேயே அது மொழி நுண்ணறிவுதான். நம் படிவத்தில் மட்டும் மொழிக் கம்பம் குட்டையாக நிற்கிறது, வாசிக்க வராததால். கற்பிக்காமல் விட்டதன் விளைவைப் பிள்ளையின் இயல்பு என்று எழுதிக்கொள்கிறோம்.

ஒரு வகுப்பறையில் பெயர் எவ்வளவு சீக்கிரம் விதியாகிறது என்பதற்கு ரே ரிஸ்ட் 1970இல் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சாட்சி நான் அறியேன். அமெரிக்க நகரமொன்றில் கறுப்பினக் குழந்தைகள் படித்த பள்ளி, ஆசிரியையும் கறுப்பினத்தவர். மழலை வகுப்பு தொடங்கி எட்டாம் நாளே பிள்ளைகளை மூன்று மேசைகளில் பிரித்து உட்கார வைத்துவிட்டார். தேர்வு எதுவும் வைக்கவில்லை. சுத்தமான உடை, ‘நல்ல’ ஆங்கிலம், வீட்டு வருமானம் எல்லாம் முதல் மேசையில் வந்து சேர்ந்திருந்தன. முதல் மேசைக்குத்தான் அதிகம் கற்பித்தார். இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அந்தக் குழுக்களுக்குப் பெயர் கிடைத்திருந்தது. மேலே இருந்தது புலிகள், கடைசிக் குழு கோமாளிகள். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஆசிரியர்கள் செய்தது இது. எட்டுக் கட்டப் படிவத்தில் கோமாளி என்ற கட்டம் இல்லை, எல்லாம் மரியாதையான பெயர்கள். ஆனாலும் எந்த மேசையிலிருந்து எந்தப் பெயருக்குப் போகிறார்கள் என்று கவனித்தால் போதும்.

கார்ட்னருக்கே இது தெரிந்திருந்தது. 1990களில் ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலத்தில், அவருடைய கருத்துகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு கல்வித்திட்டம் உருவானது. இன்ன இனத்தவருக்கு இன்ன நுண்ணறிவு உண்டு, இன்னது இல்லை என்ற பட்டியலும் அதில் இருந்தது. அவர் தொலைக்காட்சியில் தோன்றிக் கண்டித்தார். கண்டித்தது சரி. ஆனால் அப்படியொரு பட்டியல் முளைத்ததை யாரோ சிலரின் திரிபு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மனிதரை வகையாகப் பிரிக்கும் கருவி, ஏற்கெனவே வகை பிரித்து வைத்திருக்கும் சமூகத்தின் கைக்குப் போனால் வேறு எதற்குப் பயன்படும்?

நம்முடையது அப்படிப்பட்ட சமூகம்தான். 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிக்கூடம் போதவில்லை, ஷிப்ட் முறையில் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம், உடலுழைப்புக்கும் மரியாதை வரும் என்று காரணம் சொன்னார்கள். அவற்றில் முதல் இரண்டும் பொய்யல்ல. குலக்கல்வி என்று பெரியார் அதற்கு இட்ட பெயர்தான் நிலைத்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் போனது. உழைப்பின் மாண்பு என்ற அழகான சொல்லுக்கு அன்றைய பெற்றோர் மயங்கவில்லை. என் பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லிக்கொடு, மாண்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம். இன்று அரசாணை எதுவும் இல்லாமலே, டிக் அடித்த தாள் ஒன்றை வைத்து, ஒரு பையனைப் பத்தாம் வகுப்புக்குப்பின் தொழிற்பிரிவுக்கு மனநிறைவோடு அனுப்பிவைக்க முடிகிறது. ஒப்பீடு மிகை என்று சிலருக்குத் தோன்றும். ஒரு தடவை அந்தப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களின் வீடுகளை விசாரித்துவிட்டுச் சொல்லட்டும்.

தன்னம்பிக்கை வாதத்துக்கு வருவோம். நீ புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள், நன்றாக முயன்றாய் என்று புகழப்பட்டவர்களைவிட, தோல்விக்குப்பின் சீக்கிரம் சோர்ந்தார்கள் என்று 1998இல் முல்லரும் டுவெக்கும் காட்டினார்கள். அந்த ஆய்வின் வீச்சு பற்றி இன்றும் விவாதம் உண்டு; அதைத் தள்ளிவைத்தாலும் கேள்வி மறையாது. முகம் மலர்ந்த பிள்ளை மறுநாள் காலை அதே பாடப்புத்தகத்தைத் திறக்கிறது. நேற்றைய பாராட்டு அதில் ஓர் எழுத்தையும் எளிதாக்கவில்லை. வாசிக்க முடிந்த நாளில் வருகிற நம்பிக்கையை யாரும் சான்றிதழாக அச்சடித்துத் தர வேண்டியதில்லை.

இந்தப் பெயர்களை உண்மையிலேயே யார் நம்புகிறார்கள் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இதே வரைபடம் வருகிறது. இசைக் கம்பம் உயரம், கணிதம் தாழ்வு. அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறார், உறவினரிடம் காட்டுகிறார். அதற்காகக் கணக்கு டியூஷனை நிறுத்திய பெற்றோர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கம்பம் தாழ்ந்திருப்பதைக் கண்டு வாரத்துக்கு இன்னும் ஒரு நாள் கூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டும்போது எட்டு நுண்ணறிவில் எதையும் அவர்கள் விசாரிப்பதில்லை. பள்ளி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது, கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கும்பிட்ட அந்த அப்பா ஒருவர்தான்.