பஞ்சரத்தினத்தின் 1956 கட்டுரை: ஒரு மதிப்பீடு

சி. வி. இராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம் தம் 22ஆம் வயதில் எழுதிய குறுக்கீட்டு விளைவுக் கட்டுரை, 1984இல் வந்த 'பெர்ரி கட்டத்தின்' முன்னோடி என்றே பெரிதும் பாராட்டப்படுகிறது. இப்பாராட்டு கட்டுரையைச் சுருக்கிவிடுகிறது. அதன் கேள்வி வேறு: தளவிளைவு மாறுபட்ட இரு கற்றைகள் எப்போது ஒத்த கட்டத்தில் உள்ளன? சேரும்போது செறிவு உச்சமானால், என்கிறார். அவ்வாறு முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருந்தாலும், முதலாவதும் மூன்றாவதும் ஒத்திருக்க வேண்டியதில்லை. தளவிளைவு நிலைகளைப் புள்ளிகளாகக் காட்டும் பாயின்கேர் கோளத்தில் மூன்றும் அமைக்கும் முக்கோணத்தின் திண்மக் கோணத்தில் பாதியே அந்த வேறுபாடு. குவாண்டம் இயக்கவியல் தேவையில்லை; மாணவர்கள் பெர்ரிக்கு முன் இதைப் படிக்கலாம். படிகங்களை விளக்க எழுந்த கட்டுரை என்பதால் இம்முடிவு அதில் முன்னிறுத்தப்படவில்லை என்பது குறைதான்.

தளவிளைவின் திசையை வரையறுக்க முடியாத ஒருமைப்புள்ளி கொண்ட கற்றைகள் பற்றி அதில் பேச்சில்லை. எனினும் 2006இல் இத்தாலியின் மாருச்சி குழு அளித்த கியூ-தகடு இக்கருத்தின்மீதே நிற்கிறது. இந்த அரை அலைத் தகட்டின் அச்சு இடத்துக்கு இடம் திரும்பும். வட்டத் தளவிளைவு ஒளி அக்கோணத்தின் இருமடங்கு கட்டம் பெறும். இடஞ்சுழிக்கும் வலஞ்சுழிக்கும் குறி எதிரெதிர். நேர்கோட்டுத் தளவிளைவு ஒளி இவ்விரண்டின் கூட்டு என்பதால், வெளிவரும் கற்றையில் தளவிளைவு நடுவைச் சுற்றித் திரும்பிச் செல்கிறது, நடுப்புள்ளி இருளாகிறது.