ஐயத்தைப் பொறுக்கும் வாசிப்பு

அயல்மொழி நூலைக் கையில் எடுக்கும் மாணவருள் இரு வகையினர் உண்டு. ஒருவர் முதல் அருஞ்சொல்லிலேயே அகராதியை நாடுவார். அதன் பொருள் உறுதிப்படாமல் அடுத்த சொல்லுக்குச் செல்லார். மற்றவர் விளங்காததை விளங்காததாகவே ஏற்று, வாக்கியம் முடியும்வரை காத்திருப்பார். எல்சே ஃபிரெங்கல்-பிரன்ஸ்விக் என்னும் உளவியலறிஞர் 1949இல் எழுதிய கட்டுரையில், ஐயத்தைப் பொறுக்கமாட்டாமையை மனித ஆளுமையின் ஒரு கூறாக எடுத்துக்காட்டினார். பிரெஞ்சு பயின்ற பள்ளி மாணவரைக் குறித்துக் கனடாவில் 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐயத்தைப் பொறுக்கும் பண்புக்கும் மொழித்தேர்ச்சிக்கும் தொடர்பு உண்டெனக் கண்டது. இம்முடிவுகள் பயனுடையவையே. எனினும் அவை வாசிப்பவரை அளக்கின்றனவேயன்றி, வாசிக்கப்படும் நூலின் இயல்பைப் போதிய அளவு கருதவில்லை. இக்குறையையே இங்கு ஆராய விழைகிறோம்.

புதுவையின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். வயல் சூழ்ந்த இவ்வூர்களுக்குப் பிரெஞ்சு நெடுங்காலம் ஆட்சிமொழியாய் இருந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை அது ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று 1956ஆம் ஆண்டு ஒப்பந்தமும் வகுத்தது. 1915இல் வில்லியனூரில் பிறந்து, பாகூர்ப் பகுதியிலுள்ள சேலியமேட்டில் வாழ்ந்து, 1974இல் மறைந்த கவிஞர் வாணிதாசன், தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே ஒரு கையகரமுதலியை உருவாக்கினார். இயற்கையைப் பாடிய கவிஞரே அகராதிப் பணியையும் மேற்கொண்டது சிந்திக்கத்தக்கது. அகராதி ஒரு சொல்லுக்குரிய பொருள்களை வரிசைப்படுத்தித் தருகிறது. அவற்றுள் இவ்விடத்துக்கு உரியது எது என்பதை அது கூறுவதில்லை.

‘ஓத்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை நோக்குக. அது விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். வீட்டு வாயிலில் நிற்பவர் யார், உள்ளே இருப்பவர் யார் என்பதை அடுத்து வரும் வாக்கியங்களே தெளிவாக்கும். முதல் பொருளையே பற்றிக்கொண்ட மாணவர் கதை முழுவதையும் தலைகீழாகப் படிப்பார். தமிழருக்கு இது புதிதன்று. ‘விருந்து’ என்பது புதுமையையும், வந்தவரையும், அவருக்கிடும் உணவையும் குறிக்கிறது. மேலும், பிரெஞ்சில் எதிர்மறைக் குறி வினைக்கு முன்பே வந்துவிடும். தமிழிலோ ‘இல்லை’ என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில்தான் வரும். ஆகவே முடிவறியாமல் காத்திருக்கும் பயிற்சியைத் தாய்மொழியே நமக்கு அளித்துள்ளது. சொல்லுக்குச் சொல் பொருளெழுதி மனனம் செய்விக்கும் நம் வகுப்பறைகள் அப்பயிற்சியைப் பயன்படுத்தாமல் வீணாக்குகின்றன.

ஆயினும் எல்லா ஐயமும் பொறுக்கத்தக்கதோ? பாகூரே விடை தருகிறது. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மனின் ஆட்சியில் பாகூர்க் கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை அங்குக் கிடைத்த செப்பேடுகள் அறிவிக்கின்றன. அவற்றில் வடமொழிச் செய்யுள்கள் பல்லவர் குலத்தைப் புகழ்கின்றன. தமிழ் உரைநடையோ நிலத்தின் எல்லைகளை வரையறுக்கிறது. புகழ்ச் செய்யுளில் சிலேடை அழகாகும். எல்லை கூறும் வரியில் அது வழக்காகும். ஆகவே ஒரே ஏட்டைப் படிப்பவருக்கும் இருவகை மனநிலை வேண்டும். மருந்துச் சீட்டையும் பத்திரத்தையும் கவிதையைப் போல் படித்தல் பொறுமையன்று, பொறுப்பின்மையாகும்.

மூன்றாவதொரு நிலையும் உண்டு. மூலம் திறந்து வைத்திருப்பதைத் தமிழ் மூடிவிடும் இடங்கள் அவை. மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் புயலில் அகப்பட்ட சீடர், தாங்கள் அழிவதாக ஆண்டவரிடம் முறையிடுகின்றனர். அங்குள்ள கிரேக்க வினை தன்மைப் பன்மையை மட்டுமே காட்டும். தமிழில் தன்மைப் பன்மைப் பெயரை வெளிப்படையாக எழுதினால் ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’ என்ற ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு ‘நாங்கள்’ என்கிறது. அவ்வாறு கூறினால் சீடர் தம் அழிவை மட்டும் பேசுகின்றனர். ‘நாம்’ என்றால் அதே படகில் உறங்குபவரும் அவ்வழிவில் பங்காளராகிறார். மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுத்தது குற்றமன்று. ஆனால் அவ்வொரு சொல்லின்மேல் பிரசங்கம் முழுவதையும் கட்டுகிறவர், மூலத்தின்மீதன்று, மொழிபெயர்ப்பாளரின் முடிவின்மீதே கட்டுகிறார் என்பதை உணரவேண்டும்.

எனவே ஐயப்பொறுமையை மாணவரின் பிறவிக்குணமாக எண்ணி மதிப்பெண் இடுதல் போதாது. காத்திருக்கவேண்டிய இடம் எது, உடனே தெளியவேண்டிய இடம் எது, தெரிந்தெடுத்தபின்னும் மற்றப் பொருளை மறவாதிருக்கவேண்டிய இடம் எது எனப் பகுத்தறியக் கற்பித்தலே ஆசிரியரின் கடமை. கிரேக்கமும் எபிரேயமும் பயிலும் இறையியல் மாணவருக்கு இது தேர்வுக்குரிய திறன் மட்டுமன்று. மூலமொழியை அறியாத கிராமச் சபையார், அவர் மூடிவைத்த பொருளைத் தாமாகத் திறந்து பார்க்க இயலாதவர்கள். அவர்களுக்கு அவர் செலுத்தவேண்டிய நேர்மை இதில் அடங்கியுள்ளது.