சீட்டுக் கட்டில் ஒரு கருந்துளை

ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் 1993இல் அமைத்தது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற, வாங்கிச் சேர்த்து ஆடும் சீட்டாட்டம். அதற்கு 2025 ஆகஸ்டில் ‘எட்ஜ் ஆஃப் எடர்னிட்டீஸ்’ என்ற விண்வெளித் தொகுதி வந்தது. இதில் விண்கலம் தானாகக் கிளம்பாது. வேறோர் உயிரிச் சீட்டின் வலிமையைப் போதிய அளவு அதற்குள் செலுத்த வேண்டும். ஆற்றலுக்கு விலை உண்டென்பதை நானும் வகுப்பில் இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை.

‘சோதெரா’ என்ற கருந்துளைச் சீட்டுதான் உறுத்துகிறது. நம் உயிரி ஒன்று மடியும்தோறும் எதிராளியும் ஒன்றை அதற்கு இரையாக்க வேண்டுமாம்! கருந்துளை எட்டிப் பிடித்து விழுங்கும் என்பது மாணவர் பலரும் நம்பும் பிழை. சூரியன் அதே நிறையோடு கருந்துளையாகச் சுருங்கினால் விட்டம் சுமார் 6 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கினால் ஒரகடத்தை எட்டாது. நிறை மாறாததால் பூமி இன்றைய பாதையிலேயே சுற்றிவரும். ஒளியும் வெப்பமும்தான் இரா.