பேரேட்டுக்கு வெளியே ஏலமலை

சமூக, சூழல் கணக்கியலை மாணவர்கள் ஏன் எடுப்பதில்லை? கேள்விப்பட்டியலோடு புறப்படும் ஆய்வுகள் விடையை மாணவர் மனதுக்குள் தேடுகின்றன: ஆர்வக் குறைவு, விழிப்புணர்வின்மை, மதிப்பெண் பயம். இந்த 'மனப்பான்மை' ஆய்வு, தொடங்கும்போதே பாடத்திட்டத்தை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிறது.

போடிநாயக்கனூரில் பி.காம். படிக்கிறவர்களிடம் இந்தப் பாடத்தைச் சொன்னால், "அதைப் படிச்சா எங்க சார் வேலை?" என்றுதான் கேட்பார்கள். இதை அறியாமை என்று தள்ள முடியாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளிடம்தான் சமூகப் பொறுப்புச் செலவைக் கேட்கிறது. 2022-23 முதல் செபி கட்டாயமாக்கிய நிலைப்பு அறிக்கை, சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கானது. ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை சிறு உடைமைகள். அவற்றிடம் எந்தப் படிவமும் இதைக் கேட்பதில்லை. ஆடிட்டர் ஆபீசுக்கு வேண்டியது ஜி.எஸ்.டி.யும் டாலியும்.

எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. நம் கல்லூரிகளில் அது பகுதி நான்கில் போய் உட்கார்ந்துகொண்டது. கணக்கியல் பகுதி மூன்றில். ஒரே மாணவர் ஒரு தாளில் இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுகிறார், இன்னொன்றில் மண்ணரிப்பு படிக்கிறார். மண்ணுக்கு ஏன் தேய்மானம் போடுவதில்லை என்று கேட்க இரண்டிலும் இடமில்லை.

போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. காயின் பருமனும் நிறமும் விலையாகின்றன. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறும் பெண்களின் நாள் முழுவதும் 'கூலி' என்ற ஒற்றை வரிக்குள் அடங்குகிறது. பூச்சிமருந்தின் விலை செலவுக் கணக்கில் வரும். அடித்தவர் உடம்பு வராது. ஏலப்பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீயும், அது மருந்தில் சாவதும் வராது. இந்த விடுபடல்களை நன்றாக அறிந்தவர்கள் அந்தப் பெண்களின் பிள்ளைகள். வீட்டில் தெரிந்ததை வெளியே வைத்துவிட்டுத்தான் அவர்கள் கணக்கியல் வகுப்புக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி என்பவர்கள் ஜே.சி. குமரப்பாவைப் பார்க்கட்டும். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காளராகத் தேறி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். கடைசிக் காலத்தை டி. கல்லுப்பட்டியில் கழித்து 1960இல் மறைந்தார். 1929-30இல் குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் விவசாயக் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தார். எடுக்க எடுக்கத் தீரும் வளம், புதுப்பித்துக்கொண்டு ஓடும் வளம் என்று பொருளாதாரத்தையே பிரித்துப் பார்த்தார். அவருடைய கிராமத்தோடு, குறிப்பாகச் சாதி விஷயத்தில், நமக்குச் சண்டை உண்டு. ஆனாலும் ஒரு கணக்காளரை 'காந்தியப் பொருளாதார'த்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, கணக்கியல் வகுப்பில் பெயரே சொல்லாமல் விட்டது யாருக்கு வசதி?

விருப்பப் பாடமாக ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதுமென்று நான் நினைக்கவில்லை. கம்பெனிகளின் பச்சை அறிக்கை எழுத ஆள் தயாரிக்கும் பாடமாகவே அது முடியலாம். பகுதி மூன்றில், முதலாண்டிலேயே, ஒரு ஏலத்தோட்டத்தின் லாப நட்டக் கணக்கைக் கொடுத்து, இதில் யார் பெயர் இல்லை என்று கேளுங்கள். மாணவர்கள் தவிர்க்கிறார்களா இல்லையா என்பதை அதற்கப்புறம் பேசலாம்.