மலைச் சரிவில் நடக்கும் சுகம்

கூரைக்கு வெளியே கிடப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத ஆசை. அந்த ஆசைக்குக் கல்வராயன் மலை அளவுக்கு ஈடுகொடுத்த இடம் வேறில்லை. கள்ளக்குறிச்சி 2019-இல்தான் தனி மாவட்டமானது. மலையோ எந்தக் காலத்திலும் ஊரின் மேற்கே நிற்கிறது.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைச் சாலையில் ஏறும்போதே காற்று மாறுவது தோலுக்குத் தெரியும். பேருந்து போகிறது. ஆனாலும் கொஞ்ச தூரமாவது இறங்கி நடக்க வேண்டும். மலையாளிப் பழங்குடியினர் சரிவில் விதைத்த சாமை, மணி பிடித்துத் தலை கவிழ்ந்து நிற்கும். ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள் வழுவழுவென்று உருளும். மரத்தடியில் கடுக்காய் கிடக்கும்; காய்ந்தால் மேல்தோலில் ஐந்து வரிகள் எடுப்பாகத் தெரியும். வைத்தியத்துக்கும் தோல் பதனிடவும் ஆகும் காய். இதையெல்லாம் வண்டியின் ஜன்னல் காட்டாது.

பெரியார், மேகம் அருவிகளுக்கு மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள். பாட்டிலையும் பிளாஸ்டிக் தட்டையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.