கட்டையின் கனம்: வடசென்னைக் கீபோர்டும் பியானோவின் அதிகாரமும்

கீபோர்டு கண்ட்ரோலர் வாங்கப் போகிற எவருக்கும் சொல்லப்படுகிற புத்திமதி ஒன்றுதான். ‘88 கட்டை, வெயிட்டட், ஹாமர் ஆக்‌ஷன். காசு பத்தலையா, பொறுத்திருந்து வாங்கு. லேசான கட்டையில் பழகினால் கை கெட்டுவிடும்.’ கடைக்காரர் இதைச் சொல்கிறார், பியானோ வாத்தியார் சொல்கிறார், ஸ்டுடியோக்காரரும் சொல்கிறார். மூன்று பேர் ஒரே குரலில் பேசினால் அங்கே ஒரு கருத்தியல் சம்மணம்போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நம் வேலை. எந்தக் கை கெட்டுவிடும்? காசிமேட்டிலிருந்து கிளம்பி எண்ணூரில் ஒரு பந்தலுக்குப் போய்ச்சேர்ந்து, விடியவிடிய கானாவுக்கு வாசித்துவிட்டு, காலையில் ஷேர் ஆட்டோவில் கீபோர்டை மடியில் கிடத்திக்கொண்டு திரும்புகிற கை இந்தக் கணக்கில் வருகிறதா?

‘கட்டை’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் சுருதியை நாம் கட்டையால்தான் அளக்கிறோம். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை. இந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டை. ஐரோப்பாவிலிருந்து வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி அடிக்கிற வடிவம் பெற்று, சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கொட்டகைகளில் குடியேறிய பெட்டி. இதே பெட்டியைத்தான் 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி தன் நிலையங்களிலிருந்து வெளியேற்றியது. ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1938இலேயே அதற்கு எதிராக எழுதியிருந்தார். தாகூரும் அதை வெறுத்தார். தடை தளர்வதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தோரு வருஷம். வேடிக்கை என்னவென்றால், ஆர்மோனியம் தீட்டு என்று ஒதுக்கிய கச்சேரி உலகமும் ‘உங்களுக்கு எத்தனை கட்டை?’ என்றுதான் இன்றுவரை விசாரித்துக்கொள்கிறது. பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு அதன் அளவுகோலை மட்டும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆர்மோனியத்தின்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டில் இசைரீதியாக ஒரு உண்மை இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே அது போகாது. கமகம் வராது. ஆனால் ஒரு வாத்தியத்தின் குறையைச் சொல்வது வேறு, அதை வாசிக்கிறவரின் வாயிலை அடைப்பது வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு கீபோர்டுக்கு வருவோம். ஆர்மோனியத்தின்மேல் அன்றைக்குச் சொல்லப்பட்டது இன்று லேசான கட்டையுள்ள கீபோர்டின்மேல் வேறு பாஷையில் சொல்லப்படுகிறது. அன்றைய அளவுகோல் வீணை. இன்றைய அளவுகோல் பியானோ.

பியானோ எப்படி அளவுகோலானது? மாக்ஸ் வெபர் இறந்தபின் 1921இல் வெளிவந்த அவருடைய இசைச் சமூகவியல் நூல் பியானோவில் போய்த்தான் முடிகிறது. அது நடுத்தர வர்க்க வீட்டின் கருவி, குளிரால் வீட்டுக்குள் அடைந்துகிடக்கிற வடஐரோப்பியரின் கருவி என்கிறார். வீட்டுக்குள் ஒரு நிரந்தர இடம், நகராத பாரம், அதைச் சுற்றி ஒரு குடும்பம். எர்ணாவூரில் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடியில் ஒரு அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் இந்த ‘நிரந்தர இடம்’ எங்கே இருக்கிறது? புழுக்கம் தாங்காமல் ஜனங்கள் வாசலிலும் மொட்டைமாடியிலும் வாழ்கிற ஊர் இது. இங்கே இசையும் வாசலில்தான் நடக்கும். கானா தெருவின் இசையாக இருப்பதற்குச் சாதி ஒரு காரணமென்றால் வீட்டின் நீள அகலம் இன்னொரு காரணம். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

மார்க்ஸ் 1857-58 குறிப்பேடுகளில் (குருண்ட்ரிஸ்ஸ) பியானோவைப் பற்றி ஒரு இடத்தில் பேசுகிறார். பியானோ செய்கிறவன் மூலதனத்தைப் பெருக்குகிற உற்பத்தி உழைப்பாளி. பியானோ வாசிக்கிறவன் அப்படியல்ல, அவன் தன் உழைப்பை வருமானத்துக்கு மாற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான் என்பது வாதம். நம் தோழர்கள் பலருக்கு இந்த வரியில் எரிச்சல் உண்டு, கலைஞனை மட்டம்தட்டுகிறார் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீபோர்டை உழைப்பின் பக்கமிருந்து பார்க்க அது ஒரு வழி திறந்துவிடுகிறது. இன்று பல கம்பெனிகளின் கனக் கட்டைகள் இத்தாலியில் ரெக்கனாத்தியைச் சேர்ந்த ஃபாதார் என்ற ஒரே கம்பெனியிலிருந்து போகின்றன. மேலே ஒட்டுகிற பெயர்தான் வேறு. நம் பக்கத்தில், சென்னைக்குத் தென்மேற்கே யமஹாவின் தொழிற்சாலை 2019இலிருந்து கீபோர்டு செய்கிறது. தெற்கே பூட்டுகிற கையும் வடக்கே வாசிக்கிற கையும் பேருந்துகளில் தொங்குகிற கைகள். வாடகைக்கு விடுகிறவரை மறந்துவிட வேண்டாம். ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபின் அவர் குடும்பம் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது எல்லோரும் அறிந்த கதை. அந்த வீட்டுப் பிள்ளைதான் ஏ.ஆர். ரகுமான். இந்த ஊரில் கீபோர்டு கலைப்பொருளாவதற்கு முன்னால் நாள்வாடகைப் பொருளாக இருந்தது.

சரி, அந்தக் கனம் என்னதான் செய்கிறது? 1700 வாக்கில் ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி உண்டாக்கிய பியானோவில் விரல் கட்டையை அழுத்த, ஒரு சுத்தியல் எகிறிப்போய்த் தந்தியை அடிக்கிறது. அந்தச் சுத்தியலின் பாரம்தான் விரலுக்குத் தெரிகிற கனம், சுமார் 50 கிராம். கண்ட்ரோலரில் தந்தி கிடையாது. ஆனாலும் ஹாமர் ஆக்‌ஷன் கட்டைக்குக் கீழே ஒரு சுத்தியல் இருக்கிறது. அது எகிறி ஒரு கம்பளித் துண்டில் மோதிவிட்டுத் திரும்புகிறது. அடிக்க ஒன்றுமில்லாத சுத்தியல்! ஒலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எந்திரம் பார்ப்பது, கட்டை கீழே இறங்குகையில் முதல் தொடுமுனைக்கும் இரண்டாம் தொடுமுனைக்கும் இடையில் எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும்தான். அதை 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாக்கி அனுப்புகிறது. 1983இல் வந்த மிடி என்கிற பொதுமொழியின் இலக்கணம் அது. பியானோவுக்குள் 127 படிகள் என்று எதுவும் கிடையாது, எந்திரத்துக்கு உண்டு.

அப்படியென்றால் கனம் வெறும் ஏமாற்றா? இல்லை. மெதுவாக அடிப்பதற்கும் மிக மெதுவாக அடிப்பதற்கும் உள்ள இடைவெளியை விரல் கட்டுப்படுத்த எதிர்ப்பு வேண்டும். காற்றில் எழுதுவதைவிடத் தாளில் எழுதுவது சுலபம் இல்லையா, அதுபோல. ஸ்பிரிங் மட்டும் வைத்த சிந்த் கட்டையில் 30க்கும் 45க்கும் நடுவே நின்று வாசிப்பது பெரும்பாடு. ஸ்டுடியோவில் ஒரு பியானோப் பகுதியைப் பதிவு செய்கிறவருக்கு இது உயிர் போகிற விஷயம். பந்தலில்? டோலக்கும் ஆக்டோபேடும் பக்கத்தில் முழங்க, ஹாரன் ஸ்பீக்கர் கத்த, 30க்கும் 45க்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்க யாருக்குக் காது இருக்கிறது? நான் பார்த்த கானா மேடைகளில் டச் ரெஸ்பான்ஸையே அணைத்துவிட்டு வாசிக்கிறார்கள். எல்லாக் கட்டையும் ஒரே சத்தம். இதை ரசனைக் குறைவு என்று சொல்கிறவர் அந்த ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு மணிநேரம் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பியானோச் சுத்தியல் தந்தியை அடித்த கணத்தில் விரலின் வேலை முடிந்துவிடுகிறது. பிறந்த சுரத்தை அதற்குமேல் வளைக்கவோ அசைக்கவோ முடியாது. விடலாம், அல்லது பிடித்துக்கொண்டிருக்கலாம். கனக் கட்டையின் நுட்பமெல்லாம் சுரம் பிறப்பதற்கு முன்னால். நம் காதின் நுட்பமோ சுரம் பிறந்த பின்னால். வீணை தனம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். தேவதாசி மரபில் வந்து ஜார்ஜ் டவுனில் வாழ்ந்து 1938இல் மறைந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் அவர் வாசித்ததை மூச்சடக்கிக் கேட்க வேண்டுமாம், அத்தனை மெல்லிய நாதம். மேடை வாத்தியமும் அறை வாத்தியமும் வேறு என்பது அந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனியும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. அங்கே ‘தொடுகை’ என்பது மீட்டிய பிறகு இடதுகை தந்தியை இழுப்பது. திருவொற்றியூரில் வாழ்ந்த வீணை குப்பய்யர் காலத்திலிருந்து இந்த வடக்குப் பக்கத்துக்கும் தொடுகைக்கும் உறவு இருக்கிறது. பியானோ வந்துதான் நமக்கு ‘டச்’ கற்றுக்கொடுத்தது என்பது சரித்திரம் அல்ல.

கானாக் கீபோர்டுக்காரர் தெரிந்தோ தெரியாமலோ இந்த இடது கையைத்தான் தொடர்கிறார். வலதுகை ஷெனாய் சத்தத்தை வாசிக்க, இடதுகை பிட்ச் பெண்ட் சக்கரத்தை விட்டு இறங்குவதே இல்லை. அந்தச் சக்கரத்துக்கு மிடி இலக்கணத்தில் 16,384 படிகள் உண்டு. கட்டையின் வேகத்துக்கு 127தான். எந்தக் கையின் நுட்பத்தை ‘நுட்பம்’ என்று கூப்பிடுகிறோம் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிக்கொடுக்கின்றன. அவருக்குத் தேவை நல்ல சக்கரம். அப்புறம் ஆஃப்டர்டச், அதாவது அழுத்திய கட்டையை மேலும் அமுக்கினால் சுரம் அசைகிற வசதி. கனக் கட்டையுள்ள கண்ட்ரோலர்கள் பலவற்றில் இதைக் காணோம். பியானோவில் இல்லாதது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள் போல. உள்ளங்கையால் கட்டைகளை வழித்துக்கொண்டு போகிற ஓட்டமும் ஹாமர் கட்டையில் கையைக் கிழித்துவிடும்.

கண்ட்ரோலருக்கு இன்னொரு சங்கடம்: அதற்குக் குரல் கிடையாது. சத்தம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஸ்டுடியோவில் இது சுதந்திரம். பந்தலில் ஜெனரேட்டர் ஒரு நொடி தடுமாறினால் லேப்டாப்புக்கும் ஆடியோ பெட்டிக்கும் நடுவே ஏதோ ஒன்று உயிரை விடும். சாவு வீட்டில் ‘கொஞ்சம் இருங்க, ரீஸ்டார்ட் ஆகுது’ என்று சொல்ல முடியுமா? யுஎஸ்பி வயர் மட்டும் நம்பி மேடையேறக் கூடாது. பழைய ஐந்து முள் மிடி வாய் உள்ளதாகப் பார்த்து, கூடவே ஒரு சின்ன சவுண்ட் மாட்யூல் வைத்துக்கொள்வதுதான் புத்தி.

தூசி. இதை எந்த விளம்பரமும் சொல்லாது. கட்டைக்கு அடியிலுள்ள அந்த இரண்டு தொடுமுனைகள் பெரும்பாலும் கரி பூசிய ரப்பர்க் குமிழ்கள். ஒன்றில் அழுக்குப் படிந்தால் நேரக்கணக்கு குழம்பி, மெல்லத் தொட்ட கட்டை 127இல் அலறும், இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை உயர்நீதிமன்றம் 2011இல் நிறுத்தச் சொன்னது. ராயபுரம் கொஞ்சம் மூச்சுவிட்டது. கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூரில் ஏற்கெனவே அனல்மின் சாம்பல். கூடவே உப்புக்காற்று. இங்கே கீபோர்டு வாங்குகிறவர், ‘எத்தனை ஸ்க்ரூ கழற்றினால் கட்டையை வெளியே எடுக்கலாம், ரப்பர்ப் பட்டை தனியாகக் கிடைக்குமா’ என்று கேட்க வேண்டும். ஹாமர் கட்டையைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவது ஒருநாள் வேலை. லேசான கட்டை ஒரு மணிநேரம்.

இதுவரை படித்தவர்கள் நான் லேசான கட்டைக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்கலாம். அதிலும் ஒரு குழி இருக்கிறது. ‘கானா மக்கள் இசை, முரட்டுத்தனம்தான் அதன் அழகு, அதற்கு எதற்குப் பியானோ?’ என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். வானொலி வாசலை அடைத்தது ஒருவிதம், இது உள்ளே இருக்கிறவனை வெளியே போகாமல் அடைப்பது. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறி, கானாவை ராக்கோடும் ராப்போடும் உட்கார வைத்தபோது, எந்த இசைக்கு எந்த வாத்தியம் என்ற வருண ஒழுங்கு கொஞ்சம் ஆட்டம் கண்டது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, காசிமேட்டுக்காரன், திருமணத்துக்கும் சாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிறவன், டிரினிட்டி கிரேடு பரீட்சை எழுத ஆசைப்படுகிறான். சான்றிதழ் இருந்தால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, மாசச் சம்பளம். பரீட்சை பியானோவில். லேசான கட்டையில் பழகிப் பரீட்சை அறையில் பியானோ முன்னால் உட்கார்ந்தால் விரல் பாதியில் நின்றுவிடும். ‘அண்ணே, நீங்க இன்னா வேணா எழுதுங்க. எனக்கு வெயிட் கட்டை வேணும்’ என்றான். இதற்கு என் கோட்பாட்டில் பதில் இல்லை.

பேசிப்பேசி வந்து சேர்ந்த இடம் இது. மேடைக்கு 61 கட்டை, செமி வெயிட்டட், தோளில் மாட்டினால் மாடி ஏறுகிற எடை. ஆஃப்டர்டச், ஐந்து முள் வாய், ஸ்பிரிங் தளராத சக்கரம் கட்டாயம். 88 கட்டை ஹாமர் கண்ட்ரோலர் பெரும்பாலும் 12 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குமேல் போகும்; அதைத் தினம் சுமப்பது மடத்தனம், அது ஓரிடத்தில் கிடக்கட்டும். செகண்ட் ஹாண்டில் ஒன்று, ட்ரூப்பில் மூன்று பேர் காசு போட்டு, மூன்று பேரும் முறைவைத்து. மூன்று தொடுமுனை உள்ளதாக இருந்தால் நல்லது. கட்டை முழுசாக மேலே வருவதற்குள் மறுபடி அடிக்கலாம், வேகமான கானா அடிக்கு ஈடுகொடுக்கும். யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் ஒரு வாரம் சண்டை. கடைசியில் மூன்றாவது மாடியிலிருக்கிற தம்பி வீடு என்று முடிவாயிற்று, அவனுக்குத்தான் பரீட்சை. கடைக்குக் கிளம்புமுன் டேப்பை எடுத்துக்கொண்டுபோய் மாடிப்படியின் திருப்பத்தை அளந்தான். பெட்டி 130 சென்டிமீட்டருக்குமேல் நீளம். நிமிர்த்திப் பிடித்தால் போகுமாம், மேலே ஒருத்தன் கீழே ஒருத்தன்.